எல்லாத்துக்கும் 'வேணுமெண்டு' எண்டு போட்டா எப்பிடி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில மாணவர் பக்கத்தில இங்கிலீசுச் சொல்லுகள் எண்டு ஒரு பெட்டி போட்டிருந்தியள். அதில இன்ரென்ஷனலி, டெலிபரேற்லி, ஒன் பேர்ப்பஸ், நோயிங்லி, வில்ஃபுலி எண்டு அஞ்சையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா அடுக்கி, அஞ்சுக்கும் சேர்த்து 'வேண்டுமென்றே' எண்டு ஒரே கருத்தைப் போட்டு முடிச்சாச்சு. எழுதினவரில எனக்குக் கோவமில்லை. நானும் முப்பத்தொரு வருசம் இங்கிலீசு படிப்பிச்ச ஆள்தான், சோக்கட்டியால கறும்பலகையில இதே அடுக்கை எத்தினை தரம் எழுதியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. அதனால கோவத்தை விட வெக்கத்தோடதான் இதை எழுதுறன் எண்டு வையுங்கோவன்.

என்ர வெக்கத்துக்குக் காரணம் ஒரு வேப்பங்கொப்பு.

பென்சன் எடுத்த பிறகு எங்கட ஒழுங்கையில ஆருக்காவது இங்கிலீசில ஒரு கடிதம் வேணுமெண்டா என்னட்டைத்தான் வருவினம். பாஸ்போட் ஃபோம், எம்பசிக்குக் கடிதம், வெளிநாட்டில பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம் இந்த முன் விறாந்தையில இருந்துதான் போகுது. இந்த வருசம் வைகாசி முடியிற நேரம் பக்கத்து வளவு அம்மா விடிய வெள்ளண்ண வந்து கேற்றைத் தட்டினா. அவ இருக்கிற வீடு கனடாவில இருக்கிற மருமோன்ர பேரில, மருமோன் அங்கயே வளந்த பெடியன், தமிழ் கதைப்பான் ஆனா வாசிக்கமாட்டான். "மாஸ்ரர், அவர் வேணுமெண்டுதான் எங்கட குசினி ஓட்டை உடைச்சவர் எண்டு வடிவா எழுதி அனுப்புங்கோ" எண்டா.

அவர் எண்டது மற்றப் பக்கத்து வேலிக்காரர். அவற்ற வேப்பமரத்துக் கொப்பு ஒண்டு வேலிக்கு மேலால வந்து கறண்ட் வயரில முட்டிக்கொண்டு நிண்டது. காத்தடிச்சா இந்த அம்மாவின்ர வீட்டில லைற் மினுங்கும், அவற்ற வீட்டிலயும் மினுங்கும். அண்டைக்கு அவர் தானே ஏணியை வைச்சு ஏறி, கொப்பின்ர நடுவில ஒரு கயித்தைக் கட்டி, மற்றத் தலைப்பைத் தன்ர பக்கத்துப் பூவரசில சுத்திப்போட்டு வாளால அரியத் தொடங்கினவர். இந்த அம்மா கிணத்தடியில நிண்டு ரெண்டு தரம் சொல்லியிருக்கிறா, "அண்ணை, ஓட்டில விழப்போகுது, இன்னொரு ஆளைப் பிடிச்சு வைச்சு வெட்டுங்கோ" எண்டு. அவர் மரத்தில நிண்டபடியே, "எனக்குத் தெரியும் பிள்ளை, நீ உள்ள போ" எண்டிருக்கிறார். கொப்பு முறிஞ்சு கயித்தில ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டு ஆடி நேர குசினிக் கூரையில வந்து குத்தினது. பதினொரு ஓடு.

நானும் அவ சொன்னதை அப்பிடியே இங்கிலீசாக்கி, அவர் டெலிபரேற்லி குசினி ஓட்டை உடைச்சவர் எண்டு எழுதி அனுப்பிப்போட்டன். 'வேணுமெண்டு' எண்டால் டெலிபரேற்லிதானே, நான்தானே முப்பத்தொரு வருசமா அப்பிடிப் படிப்பிச்சனான்.

அந்த மெசேஜ் வட்சப்பில கனடா போய், அங்கயிருந்து லண்டனில இருக்கிற வேலிக்காரற்ற மோனுக்குப் போய், அந்தப் பெடியன் அதை வாசிச்சுப்போட்டு, என்ர அப்பாவை என்ன றவுடி எண்டு நினைச்சியளோ எண்டு கேட்டு, ரெண்டு நாடும் ரெண்டு கிழமையாச் சண்டை. இஞ்ச ரெண்டு வளவும் கதையில்லை. பங்குக் கிணத்தில தண்ணி அள்ளுற நேரத்தைக் கூட மாத்திப்போட்டினம்.

அந்தப் பெடியன்ர கோவம் நியாயமானது. டெலிபரேற் எண்ட சொல்லின்ர வேரில லத்தீனில தராசுக்குச் சொல்லுற லிப்ரா எண்ட சொல் கிடக்குது. ஒரு விசயத்தை இந்தத் தட்டில ஒருக்கா அந்தத் தட்டில ஒருக்கா வைச்சு நிறுத்துப் பாத்து, சரி செய்வம் எண்டு முடிவெடுத்துச் செய்யிறதுதான் டெலிபரேற்லி. எங்கட ஆக்கள் 'சீர்தூக்கிப் பாக்கிறது' எண்டு சொல்லுறதும் தராசுக் கதைதான், என்ன ஒரு பொருத்தம் பாருங்கோ. அதுதான் ஆறுதலா, அவசரமில்லாமல் அடி எடுத்து வைச்சு நடக்கிற கிழவரைப் பற்றிச் சொல்லவும் இங்கிலீசில அதே டெலிபரேற்றைப் போடுவினம், அங்க குற்றம் ஒண்டும் இல்லை, நிதானம் மட்டும்தான். அப்ப நான் எழுதினதை லண்டனில இருந்து வாசிக்கிற பெடியனுக்கு என்ன விளங்கும்? தன்ர தேப்பன் இரவிரவா இருந்து யோசிச்சு, ஓட்டை உடைச்சா என்ன லாபம் என்ன நட்டம் எண்டு நிறுத்துப் பாத்து, காலமை எழும்பி ஏணியோட வந்து உடைச்சவர் எண்டுதான் விளங்கும்.

சரி, இன்ரென்ஷனலி எண்டு போட்டிருந்தாச் சரியோ எண்டா, அதுவும் பிழை. இன்ரென்ட் எண்டதுக்கு வேர் இழுத்து நீட்டுறது, வில்லு நாணை இழுத்துக் குறி பாக்கிற மாதிரி. குறி எதில எண்டதுதான் அங்க கேள்வி. கொப்பை வெட்டினது இன்ரென்ஷனல், அதில சந்தேகமே இல்லை, நித்திரையில ஆரும் மரம் ஏறுறேல்லை. ஆனா ஓடு உடைஞ்சது அவற்ற குறியில இருக்கேல்லை, இருந்திருந்தா கயித்தைக் கட்டியிருப்பாரோ? ஒரே ஆள், ஒரே வாள், ஒரே நிமிசம், ஆனா 'கொப்பை வெட்டினவர்' எண்டு சொன்னா ஒரு சொல் பொருந்துது, 'ஓட்டை உடைச்சவர்' எண்டு சொன்னா அதே சொல் பொருந்தேல்லை. உங்கட பெட்டியில இது ஒரு வரி கூட இல்லை ஐயா. இந்தச் சொல்லுகளை ஆளில ஒட்டக்கூடாது, எந்தச் செய்கையில ஒட்டுறம் எண்டு முதல் பாக்கோணும்.

ஒன் பேர்ப்பஸ் கொஞ்சம் சின்னப்பிள்ளையளின்ர சொல். பள்ளிக்கூடத்தில ஒருத்தன் மற்றவன்ர கொப்பியில தண்ணிப் போத்திலைத் தட்டிவிட்டா மற்றவன் இங்கிலீசு மீடியத்தில அழுதுகொண்டு சொல்லுற சொல் அது. ஆனா அதுக்குள்ளயும் ஒரு கேள்வி இருக்குது, எதுக்காகச் செய்தனி எண்டு. பேர்ப்பஸ் எண்டா முன்னுக்கு வைச்ச ஒண்டு, அதை அடையத்தான் இது. வேலிக்காரரிட்டப் பேர்ப்பஸ் இருந்தது, வயரில முட்டாமல் பண்ணுறது. மற்றது ரியூசன் பிள்ளையள் கவனிக்கோணும், பேர்ப்பஸ்லி வேற பேர்ப்பஸ்ஃபுலி வேற. ரெண்டாவது, ஒரு இலக்கோட விறுவிறுப்பா ஒரு வேலையைச் செய்யிறதுக்கு. ஒரு பெடியன் ஓ.எல். சோதினை மொடல் பேப்பரில, நான் பேர்ப்பஸ்ஃபுலி கிளாஸைக் கட் பண்ணினன் எண்டு எழுதியிருந்தான், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏதோ பெரிய லட்சியத்தோட கட் பண்ணின மாதிரி.

ஒக்ஸ்ஃபோர்டில தத்துவம் படிப்பிச்ச ஜே. எல். ஒஸ்ரின் எண்டவர் 1956 இல ஒரு பேச்சில இந்த மாதிரிச் சொல்லுகளைத்தான் பிரிச்சு மேய்ஞ்சவர். ஒரே புல்வெளியில என்ர கழுதையும் உங்கட கழுதையும் மேயுது, எனக்கு என்ர கழுதையைப் பிடிக்கேல்லை, குறி வைச்சுச் சுடுறன், கிட்டப் போய்ப் பாத்தா விழுந்து கிடக்கிறது உங்கட கழுதை. இது மிஸ்ரேக். அதே நான், என்ர கழுதையைத்தான் சரியாக் குறி வைச்சுச் சுடுறன், அந்த நேரம் பாத்து அது விலகிப்போக உங்கடது விழுகுது, இது அக்சிடென்ற். மன்னார்ப் பக்கம் றோட்டுக் கழுதையளுக்குள்ளால மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்களுக்கு அதுகள் எப்ப விலகும் எப்ப விலகாது எண்டு தெரிஞ்சிருக்கும். இன்ரென்ஷனலி, டெலிபரேற்லி, ஒன் பேர்ப்பஸ் எண்ட மூண்டையும் பற்றியும் அந்த மனுசன் மை சிந்துற பிள்ளையை உதாரணம் வைச்சு எழுதி வைச்சவர், அது அச்சில வந்தது அவர் செத்த பிறகு. 48 வயசில, 1960 இல செத்துப்போனார்.

இதெல்லாம் வாத்திமாருக்கும் தத்துவக்காரருக்கும்தான் எண்டு நினைச்சா, கிரிக்கெற் பாக்கிற பொடியளைக் கேளுங்கோ. 2010 ஆவணியில தம்புள்ளையில இலங்கையோட விளையாடின மச்சில இந்தியாவுக்கு வெல்ல ஒரு ரன் தேவை, ஷேவாக் 99. எங்கட ரன்திவ் கோட்டைத் தாண்டிக் காலை வைச்சு நோபோல் போட்டார், ஷேவாக் அதைச் சிக்ஸ் அடிச்சும் பிரியோசனமில்லை, நோபோல் ரன்னோட மச் முடிஞ்சுது, நூறு இல்லை. காலும் கோடும் எவ்வளவு தூரம் எண்டு பாத்த ஒருத்தருக்கும் அது தவறிப்போன கால் எண்டு தோன்றேல்லை. இலங்கை கிரிக்கெற் சபையே ரன்திவை ஒரு மச் நிப்பாட்டி, அதில சம்பந்தப்பட்ட டில்ஷானுக்கும் தண்டம் அடிச்சது. இது டெலிபரேற், தராசில வைச்சு எடுத்த முடிவு. 2017 கிரிக்கெற் சட்டப் புத்தகத்தில இந்தமாதிரி நோபோலுக்குத் தனி விதியே இருக்குது, அதில போட்டிருக்கிற சொல்லும் டெலிபரேற்தான்.

ஆனா பீல்டிங் செய்யிறவையைத் தடுத்தா அவுட் எண்ட விதியில சொல் மாறுது, அங்க வில்ஃபுலி. 2021 மாசியும் போய்ப் பங்குனியில அன்ரிகுவாவில எங்கட குணதிலக்க 55 அடிச்சு நல்லா நிண்டவர், வெஸ்ற் இண்டீஸ் பொலார்ட்டின்ர பந்தைத் தட்டிப்போட்டு ஓட வெளிக்கிட்டு, பிறகு மற்றவரைத் திருப்பி அனுப்பி, தானும் பின்னுக்குப் போகேக்க காலில பந்து பட்டு அங்கால போயிட்டுது. பொலார்ட் கேட்டார், அவுட் குடுத்தாச்சு. அண்டைக்கு எங்கட சந்திக் கடையில நடந்த வாதம் எனக்கு இப்பவும் ஞாபகம். ஒருத்தர் சொல்லுறார் அவர் பந்தைப் பாத்தவர் எண்டு, மற்றவர் சொல்லுறார் பாத்தா என்ன, கால் போற வழியில பந்து கிடந்தா கால் என்ன பறக்குமோ எண்டு. பாத்தவர் எண்டதுக்குப் பேர் நோயிங்லி. தடுக்கோணும் எண்டு மனம் வைச்சவரோ எண்டதுதான் வில்ஃபுலி. முதலாவது சரி எண்டாலும் ரெண்டாவது தன்பாட்டில சரியாகிவிடாது. நான் அண்டைக்குப் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு சும்மா இருந்திட்டன், வாய் திறந்திருக்கோணும்.

கோட்ஸுக்குப் போனா இந்த வித்தியாசத்தில உயிரே தொங்கும். எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுச் சாமான், இந்தியாவின்ர 1860 சட்டத்தைப் பாத்து எழுதினது, அந்த இந்தியச் சட்டத்துக்கு 1837 இலயே முதல் வரைவு போட்டது மெக்காலே. எங்கட கோவையில ஆள் சாவைப் பற்றின பிரிவில, கொல்லோணும் எண்ட எண்ணம் வேற, இப்பிடிச் செய்தா ஆள் சாகக்கூடும் எண்ட அறிவு வேற எண்டு ரெண்டையும் தனித்தனியாப் போட்டிருக்கினம். 2024 வரை இருந்த அந்த இந்தியச் சட்டத்தில வொலன்ரரிலி எண்ட சொல்லை விளக்க ஒரு கதை சொல்லியிருந்தது: கொள்ளை அடிக்க வசதியா இருக்குமெண்டு ஒருத்தன் ராவில சனம் இருக்கிற வீட்டுக்கு நெருப்பு வைக்கிறான், உள்ளுக்கு ஒரு ஆள் செத்துப்போகுது. அவனுக்கு ஆளைக் கொல்லுற எண்ணமே இல்லாமல் இருந்திருக்கலாம், பிறகு கவலைப்பட்டும் இருக்கலாம், ஆனா சாகக்கூடும் எண்டு தெரிஞ்சிருந்தா அது வொலன்ரரிலிதான் எண்டு அந்தச் சட்டம் சொன்னது. சாதாரண இங்கிலீசில வொலன்ரரிலி எண்டா ஆரும் நெருக்காமல் தானா முன்வந்து செய்யிறது, இரத்ததானம் மாதிரி. சட்டத்துக்குள்ள போனவுடன அது வேற உடுப்புப் போட்டுக்கொண்டு வருது. இதுக்குத் தமிழில 'தன்னிச்சையாக' எண்டு போடுகினம், அந்தச் சொல்லுக்கோ ஒருத்தரையும் கேக்காமல் தன்ர பாட்டுக்குச் செய்யிறது எண்டும் கருத்து இருக்குது. சாட்சிக்கூண்டில நிக்கிற மனுசனுக்கு எந்தக் கருத்தில விளங்கும் எண்டு ஆர் கண்டது.

இப்ப எல்லாளன்ர கதைக்கு வாறன், ஏனெண்டா இதை எங்கட ஆக்கள் பாதிதான் சொல்லுறவை. அனுராதபுரத்தில 44 வருசம் ஆண்ட எல்லாளன்ர மகன் தேரில போகேக்க றோட்டில படுத்துக் கிடந்த கன்றுக்குட்டியின்ர கழுத்தில சில்லு ஏறினது, தாய்ப்பசு வந்து மணியை அடிச்சது, அரசன் அதே சில்லால மகன்ர தலையை எடுத்தான். இது எல்லாருக்கும் தெரியும், சோழ நாட்டில மனுநீதி கண்ட சோழன் எண்டும் இதே மாதிரிக் கதை இருக்குது. மகாவம்சத்தில இன்னொரு சம்பவமும் இருக்குது. அரசன் தேரில மிகிந்தலைப் பக்கம் போகேக்க நுகத்தடி முட்டி ஒரு பௌத்த தாதுகோபத்தில பதினைஞ்சு கல் கழண்டு விழுந்திட்டுது. அவன் நினையாமல் நடந்தது எண்டு மகாவம்சமே சொல்லுது. ஆனா அமைச்சர்மார் சொன்ன உடன அவன் தேரால குதிச்சு றோட்டில கிடந்து, என்ர தலையையும் சில்லால எடுங்கோ எண்டவன். அவை, வேண்டாம், திருத்திக் குடுங்கோ போதும் எண்டு சொல்ல, அந்தப் பதினைஞ்சு கல்லுக்கு 15,000 கஹாபணம் எண்ட அந்தக் காலத்துக் காசு செலவழிச்சுத் திருத்தினவன். மகன் கன்றைக் கொன்றது இன்ரென்ஷனல் இல்லை. அரசன் மகனைக் கொன்றது இன்ரென்ஷனலும்தான் டெலிபரேற்றும்தான், ஆனா மனம் விரும்பிச் செய்தது எண்டு ஆர் சொல்லுவினம்? உங்கட பெட்டியை வைச்சுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல வெளிக்கிட்டா, எல்லாளன் வேண்டுமென்றே மகனைக் கொன்றவன் எண்டுதான் எழுதவேண்டி வரும். அதை வாசிக்கிற பிள்ளை எல்லாளனைப் பற்றி என்ன நினைக்கும்?

தமிழில சொல் இல்லை எண்டு சாட்டுச் சொல்லவும் ஏலாது ஐயா. எங்கட கிணத்தடியில கதைக்கிற கதையைக் கேட்டாலே காணும். தெரிஞ்சுகொண்டு செய்தவன், நினைச்சுச் செய்தவன், திட்டம் போட்டுச் செய்தவன், மனமறியச் செய்தவன், விரும்பிச் செய்தவன், வீம்புக்குச் செய்தவன், கை தவறிப்போச்சு, வாய் தடுமாறிப்போச்சு. கோயில் திருவிழாவில முதல் வடம் ஆர் பிடிக்கிறது எண்ட சண்டையில இதெல்லாம் ஒண்டுக்கொண்டு மாறாமல் அந்தந்த இடத்தில சரியா வந்து விழும். எழுத வெளிக்கிட்டா மட்டும் ஏன் எல்லாம் செத்துப்போய் வேண்டுமென்றே மட்டும் உயிரோட இருக்குது எண்டு எனக்கு விளங்கேல்லை.

அந்த வேண்டுமென்றேயையும் பிரிச்சுப் பாருங்கோ, 'வேண்டும்' எண்டு, எனக்கு இது வேணும் எண்டு செய்தது. ஆசைதான் அதுக்குள்ள இருக்குது, தராசும் இல்லை குறியும் இல்லை.

ரெண்டு கிழமை கழிச்சு நான் அந்த அம்மாவிட்டப் போனன். அவ விறாந்தையில இருந்து பயித்தங்காய் முறிச்சுக்கொண்டு இருந்தா. "தங்கச்சி, அவர் ஓட்டை உடைக்கோணும் எண்டு நினைச்சே மரத்தில ஏறினவர்?" எண்டு கேட்டன். "சே, அவர் ஏன் மாஸ்ரர் அப்பிடி நினைக்கப்போறார், நல்ல மனுசன்" எண்டா. "அப்ப ஏன் வேணுமெண்டு உடைச்சவர் எண்டு சொன்னனீங்கள்?" எண்டன். அவ பயித்தங்காயைக் கீழ வைச்சுப்போட்டு என்னைப் பாத்த பார்வை, நான் என்னவோ விசர்க் கேள்வி கேட்ட மாதிரி. "ரெண்டு தரம் சொன்னனான் மாஸ்ரர். கேட்டவரே?"

அவ்வளவுதான். அவ சொன்ன வேணுமெண்டு, வில்ஃபுலி. அதுவும் உடைச்சதில இல்லை, சொல்லுக் கேளாததில. நான் அதைத் தூக்கி ஓட்டில வைச்சுப்போட்டன்.

அண்டைக்கு இரவே மருமோனுக்குத் திருத்தி எழுதினனான். கொப்பை வெட்டினது வயருக்காக எண்டும், ஓட்டில விழக்கூடும் எண்டு மாமி எச்சரிச்சவ எண்டும், அவர் அதைக் கணக்கெடுக்காமல் தனிய வெட்டினவர் எண்டும், உடைக்கிற எண்ணம் இருக்கேல்லை எண்டும், முதல் கடிதத்தில இருந்த டெலிபரேற்லி என்ர பிழை எண்டும் எழுதினன். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் கனநேரம் எடுத்தது. லண்டனும் கனடாவும் இப்ப அமைதி. வேலிக்காரர் தானே பதினொரு ஓடு வாங்கி, இந்த முறை கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து மாத்திக் குடுத்தவர்.

உங்கட மாணவர் பக்கத்தில அடுத்த ஞாயிறு அந்த அஞ்சு சொல்லையும் திருப்பிப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரு வேப்பங்கொப்புக் கதையாவது போடுங்கோ, இடம் காணாட்டி உந்த ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம்.

மருமோன் முந்தநாள் வட்சப்பில இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறான். எல்லாம் சரி அங்கிள், அவர் எங்கட மாமியிட்ட சொறி சொன்னவரோ எண்டு. சொல்லேல்லை. எங்கட ஒழுங்கையில அந்த வயசு மனுசர் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனா ஓடு மாத்தின அண்டு பின்னேரம் வேலிக்கு மேலால ஒரு சொப்பிங் பாக் வந்தது, அதுக்குள்ள அஞ்சு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். குடுக்கேக்க அவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை, வாங்கேக்க அவவும் ஒண்டும் கேக்கேல்லை. நான் அவனுக்கு, அவர் அஞ்சு மாம்பழம் அனுப்பினவர் எண்டு இங்கிலீசில ஒரு வரி எழுதிப்போட்டு, ரெண்டு நாளா அதுக்கு அங்கால எழுத வழி தெரியாமல் இருக்கிறன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இங்கிலீசு வாத்தியார் ஒருவர்,
கோண்டாவில்.